குதிகாலில் இல்லாத வெள்ளி

அவர் காலில் எப்போதும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்புக்குப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போவார்களே, அதே வகை. மேலே சரிகைக் கரை வேட்டி, கஞ்சி மொடமொடக்கும் சட்டை, பையில் வெளியே தெரியும்படி ஒரு சாமி படம், கழுத்தில் கனத்த சங்கிலி என்று எல்லாம் ஒரு பெரிய மனிதருக்கு உரிய லட்சணத்தோடு இருக்கும். கீழே பார்த்தால் ஆறாம் வகுப்பு மாணவன் நிற்பான். ஆணிக்கால் தொந்தரவு என்று அவருடைய ஆட்கள் காரணம் சொல்வார்கள். கரியும் கந்தகமும் காற்றில் பறக்கிற சிவகாசியில், அந்த ஷூவில் ஒரு பொட்டு அழுக்கை நான் பார்த்ததில்லை. மாநிலக் குற்றப் புலனாய்வில் எத்தனையோ வருடம் இருந்துவிட்டேன். கொலைகாரர்களையும் கடத்தல்காரர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறேன். அவர்களில் யாரையும்விட இவருக்குத்தான் ஊர் அதிகம் பயந்தது. இவரை நினைத்தால் எனக்கு அந்த ஷூதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கூடவே ஒரு சிரிப்பும் வருகிறது. அது நல்ல சிரிப்பு இல்லை.

ஊரில் அவருக்குக் கமிட்டியார் என்று பெயர். பங்குனிப் பொங்கல் விழாக் கமிட்டிக்கு எந்தக் காலத்திலோ தலைவராக இருந்தார். பதவி போன பிறகும் பெயர் போகவில்லை. லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கராகத் தொடங்கியவர். பட்டாசு ஆலை என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் கருவேலங்காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், அவ்வளவுதான். ஒரு அறையில் இத்தனை பேர்தான் உட்காரலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் ஒருத்தர் பெயரில் இருக்கும். அவர் அறைகளைப் பிரித்துப் பலருக்கும் உள்குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருப்பார். குத்தகைக்கு எடுத்தவன் சீசன் முடிவதற்குள் ஆர்டரை முடிக்க வேண்டுமென்று நாலு பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேரை உட்காரவைப்பான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கமிட்டியார் நிற்பார். அவர் தலையசைக்காமல் இந்தப் பக்கத்தில் ஒரு அறையும் கைமாறாது. அவரைக் கேட்காமல் மாற்றிப் பார்த்த ஒருவருடைய லாரி எரிந்தது. இன்னொருவருக்குக் கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. இதெல்லாம் எந்த ஊர் ரவுடியும் செய்வதுதான். கமிட்டியாருடைய தனித் தொழில் வேறு. அறை வெடித்து ஆள் செத்தால் போலீசுக்கு ஒரு குற்றவாளி வேண்டும் அல்லவா, அந்தக் குற்றவாளியை அவர் சப்ளை செய்வார்.

‘ஆள் குடுக்கிறது’ என்று அதற்குப் பெயர். விபத்து நடந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு வக்கீலோடு ஒரு மனிதர் வந்து சரணடைவார். ஆலையின் போர்மேன் நான்தான், மேற்பார்வை என் பொறுப்பு, என் கவனக்குறைவால்தான் இப்படி நடந்தது என்பார். கையில் போர்மேன் சான்றிதழ் இருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயரும் இருக்கும். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு ரிமாண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லைசென்ஸ்காரர், குத்தகைக்காரர், நடுவில் நின்றவர் எல்லோரும் வழக்கைவிட்டு மெல்ல நழுவிவிடுவார்கள். சரணடைந்த மனிதர் அந்த ஆலையின் கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இது எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் தெரியும், ஆபீசுகளில் தெரியும், காக்கிச் சட்டை போட்ட எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சான்றிதழில் முத்திரை சரியாக இருக்கிறதா என்பதற்கு மேல் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

இந்த வலையை அறுக்கத்தான் எங்கள் பிரிவை விருதுநகருக்கு அனுப்பினார்கள். நான் அப்போது இன்ஸ்பெக்டர். திருத்தங்கல்காரி, ஊர் தெரியும் என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார் எங்கள் டி.எஸ்.பி. அவர் வடக்கு மாவட்டத்துக்காரர். நிறையப் படித்தவர், படித்ததை அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். எங்களுக்குக் கொடுத்த வாடகைக் கட்டடத்தில் சுவர் நிறைய ஒரு போர்டு மாட்டினார். நடுவில் கமிட்டியார் படம், சுற்றிலும் சிவப்பு மையில் அம்புக்குறிகள், ஒவ்வொரு அம்பின் நுனியிலும் ஒரு புகைப்படம். “இது ஒரு சாம்ராஜ்யம்” என்று காலையில் வந்ததும் போர்டு முன்னால் நின்று காபி குடிப்பார். சென்னையிலிருந்து எந்த அதிகாரி வந்தாலும் முதலில் போர்டு தரிசனம்தான். அந்த வருடம் முழுக்க அவர் ஒரு நாள்கூட ஒரு ஆலைக்குள் கால் வைத்ததில்லை. கேட்டால் தூசி அலர்ஜி என்பார். ஒருவருக்கு ஆணிக்கால், இன்னொருவருக்கு அலர்ஜி. சாம்ராஜ்யத்தைக் கட்டியவரும் சரி, இடிக்க வந்தவரும் சரி, அது எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு ஆலையில், வானத்தில் போய் விரிகிற பேன்சி ரகம் செய்கிற அறை வெடித்தது. மூன்று பெண்களும் ஒரு ஆணும் அங்கேயே செத்துப்போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன, பதினொன்று. காலையில் வேலைக்கு வந்தவர்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. பதிவேட்டைக் கேட்டேன். அந்த அறைக்கு நாலு பேர் என்று எழுதியிருந்தது. செத்தவர்களும் நாலு பேர் என்பதால் எல்லாம் பொருத்தமாக இருக்கிறது என்று ஒரு அதிகாரி என்னிடமே சொன்னார். மிச்சம் ஏழு தூக்குவாளி யாருடையது என்று கேட்டதற்கு அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். காயம்பட்டவர்களை அதற்குள் எங்கேயோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். சாயங்காலம் வரை அந்த வாளிகளை எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆள் வந்துவிட்டார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, சலவை செய்த சட்டை. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளி பூசின மாதிரி மினுமினுத்தது. பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். வெளியூர் போலீஸ்காரர்கள் அந்தக் கையைப் பார்த்தாலே போதும், இவர்தான் போர்மேன் என்று நம்பிவிடுவார்கள். நான் அவரைக் காவலில் எடுத்து எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். எதேச்சையாகத்தான் அவர் காலைப் பார்த்தேன்.

என் அம்மா பதினெட்டு வருடம் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவள். அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, உரசலில் ஒரு பொறி கிளம்பினால் போதும். அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான் நாள் முழுக்க அந்தப் பவுடருக்குள் நடப்பார்கள். கையை எதையாவது போட்டுத் தேய்த்துக் கழுவிவிடலாம். குதிகால் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்த வெள்ளி, ஞாயிற்றுக்கிழமை கல்லில் உரசினாலும் போகாது. அம்மா படுத்து எழுந்த பாயில் கால்மாட்டில் சாம்பல் நிறத்தில் இரண்டு தடம் இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது மசிந்ததில்லை. இந்த மனிதருடைய கை ஒரு தீபாவளிக்கே போதும்போல மின்னியது. குதிகாலில் ஒரு துளி வெள்ளி இல்லை.

“அண்ணே, எத்தன வருசமா பட்டாசு வேலை?” என்று கேட்டேன்.

“இருவது வருசம் இருக்கும்மா.”

“இருவது வருசமும் ஷூ போட்டுக்கிட்டா உக்காந்திருந்தீக?”

அவர் இரண்டு காலையும் மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நான் ஈரத்துணியால் அவருடைய விரல்களைத் துடைத்துப் பார்த்தேன். வெள்ளிக்குக் கீழே நுனி விரல்களில் மயிரிழை மாதிரி வெட்டுக்காயங்கள், பழையதும் புதியதுமாக. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். திருத்தங்கல் அச்சகங்களில் காலண்டருக்கு மேல்பக்கம் தகரப் பட்டை அடிக்கிறவர்களுக்கு விரல் அப்படித்தான் இருக்கும். “எந்தப் பிரஸ்ல வேலை பாத்தீக?” என்றேன். அவர் அழ ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே மகள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. கமிட்டியாருக்குப் பழக்கமான ஒரு கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி வாங்கியும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இவர் போர்மேன் ஆனார். சரணடைவதற்கு முன்னால் கமிட்டியார் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து இரண்டு லாரி கிளீனர்கள் பொட்டலத்தைப் பிரித்து இவர் கையில் பவுடரைத் தேய்த்திருக்கிறார்கள். கமிட்டியார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்திருக்கிறார். “முழங்கை வரைக்கும் போடுலே, அம்புட்டும் வெளிய தெரியணும்” என்று சொன்னாராம். ஊரில் பாதி ஆலைகளை விரலசைவில் ஆட்டிவைத்தவர். அதற்குள்ளே மனிதர்கள் வெறுங்காலோடு வேலை பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தன்னைப் போலவே எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். யாரும் அவரைத் திருத்தவும் இல்லை. இத்தனை பெரிய மனிதருக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் இருக்குமா என்று அந்தக் கிளீனர்கள் நினைத்திருப்பார்கள்.

காலண்டர்காரர் என்று நான் அவரைச் சொல்வேன், இன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததை மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லவைத்தால் கமிட்டியாரைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். அதற்கு முன்னால் யாரும் அவருக்கு எதிராக வாய் திறந்ததில்லை. நான் காலண்டர்காரருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பேசினேன். “இந்தக் கேசுல நீங்க சாட்சி, குத்தவாளி இல்ல. இது என் வார்த்தை” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஒங்க வார்த்தையாம்மா, ஆபீசு வார்த்தையா?” என்று கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே” என்று பளிச்சென்று சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. பல நாள் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மறுவாரம் அவர் மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டியாரைக் கைது செய்தபோது ஊரில் கடையடைப்பு நடக்கும், பஸ் மறியல் நடக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்கள் ஜீப்பைப் பார்த்தார், பிறகு ஆற்றினார். காவலில் வைக்கும்போது சங்கிலி, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் வாங்கி வைப்பது வழக்கம். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். வேறு வழியில்லாமல் கழற்றியபோது உள்ளேயிருந்து வந்த கால் வெளுத்து, ஊறி, பிறந்த குழந்தையின் கால்போல இருந்தது. ஆணியும் இல்லை, ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு அடி வைத்துவிட்டு, “தர சூடா இருக்கு தாயி” என்றார். காலை ஒன்பது மணி, மழை பெய்து ஓய்ந்த நாள்.

அன்றைக்கு மத்தியானம் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. யாரோ ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். கமிட்டியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து எங்கள் ரைட்டருடைய தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சரம் ஓய்கிற வரை விடவில்லை. முகம் வேர்த்துவிட்டது. “சின்ன வயசுல இருந்தே இந்தச் சத்தம் எனக்கு ஆகாது தாயி. தீவாளிக்கு நான் ஊர்லயே இருக்க மாட்டேன், குடும்பத்தோட கொடைக்கானல் போயிருவேன்” என்றார். இதைத்தான் ஊர் சாம்ராஜ்யம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. எங்கள் அம்மாக்கள் எல்லோரும் இந்த ஆளுக்காகவா பதினெட்டு வருடம், இருபது வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று தோன்றியது.

ஆனால் கமிட்டியாருக்கு வேறு ஒரு திறமை இருந்தது. எதிரே இருக்கிறவனுக்கு எது வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் டி.எஸ்.பி.க்கு வேண்டியது அந்தப் போர்டில் இருக்கிற படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கோடு போடுவது. கமிட்டியார் அப்ரூவராக மாறச் சம்மதித்தார். அதாவது நடந்ததையெல்லாம் நீதிமன்றத்தில் அவரே சொல்வார், பதிலுக்கு அவருக்கு மன்னிப்பு. சின்னவனுக்கு மன்னிப்புக் கொடுத்துப் பெரியவனைப் பிடிப்பதற்காகச் சட்டத்தில் இருக்கிற வழி அது. நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்த அன்றே டி.எஸ்.பி.யின் அறைக்குள் போனேன்.

“அவரைக் குற்றவாளியாக்கினால் ஒருத்தர். அப்ரூவராக்கினால் பதினாறு பேர்” என்றார், போர்டைப் பார்த்தபடி.

“சார், அந்தப் பதினாறு பேரும் அவர் சொல்லித்தான் செஞ்சாங்க.”

“அதனால்தான்மா அவருக்கு எல்லாம் தெரியுது.”

“அந்தக் காலண்டர்காரருக்கு நான் வார்த்தை கொடுத்திருக்கேன் சார்.”

“நீங்க கொடுத்திருக்கலாம். டிபார்ட்மெண்ட் கொடுக்கலையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விஷயத்தை விளக்குகிற பொறுமையோடு சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார்.

பதினாறு பேரில் ஒருவர் காலண்டர்காரர். ஆள்மாறாட்டம், போலிச் சான்றிதழ், கூட்டுச் சதி. அவர் என்னை நம்பி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதையே அவருக்கு எதிரான ஆதாரமாக வைத்தோம். இதை டி.எஸ்.பி. செய்தார் என்று எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். விசாரணை அதிகாரி நான். குற்றப்பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது என் கையெழுத்து. போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராமநாதபுரத்துக்கோ வேறு எங்கோ மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இருந்தது. நான் கமிட்டியாரைப் பற்றியும் டி.எஸ்.பி.யைப் பற்றியும் இவ்வளவு எகத்தாளமாக எழுதுகிறேன். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கிற ஆளை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

காலண்டர்காரருக்கு மூன்று வருடம் தண்டனை. தீர்ப்புச் சொன்ன அன்று வேனில் ஏற்றும்போது என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “பொண்ணு சீட்டு போயிராதுல்லம்மா?” என்று மட்டும் கேட்டார். “போகாது அண்ணே” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு விசாரித்துப் பார்க்கவும் இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பில் டி.எஸ்.பி. குதிகால் கதையைத் தன்னுடைய கண்டுபிடிப்பாகவே விவரித்தார். ஒரு காவலரை மேஜை மேல் கால் வைக்கச் சொல்லி எந்த இடத்தில் வெள்ளி படியும் என்று பேனாவால் காட்டினார். எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. கமிட்டியாரும் பத்திரிகை படிக்கிறவர்தான்.

இப்போது அந்த டி.எஸ்.பி. ஓய்வு பெற்றுவிட்டார். திட்டமிட்ட குற்றங்களை ஒழிப்பது எப்படி என்று தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருக்கிறார். கமிட்டியாருக்கு வயது ஏறியதே தவிர ஒன்றும் குறையவில்லை. தொழிலாளர் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் என்று திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள், சிறப்புரை அவர்தான். விருதுநகர் ஆபீசில் டி.எஸ்.பி. நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போர்டைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்து வைத்தேன். எனக்குக் காபியும் பிடிக்காது. இதையெல்லாம் ஒரு வித்தியாசம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மல்லாங்கிணறு போகிற சாலையில் ஒரு ஆலை வெடித்து இரண்டு பெண்கள் செத்தார்கள். மூன்றாம் நாள் வக்கீலோடு ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் வெள்ளி அளவாக இருந்தது. விரல் மடிப்பில், நகக்கண்ணில், காது மடலுக்குப் பின்னால்கூட. காலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் வெள்ளி பளபளத்தது. அந்தக் குதிகாலில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. வெயிலும் தரையும் அறியாத வழவழப்பான காலில் பவுடரைத் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பத்திரிகையாளர் சந்திப்பிலிருந்து பாடம் கற்றிருக்கிறார்கள், அதுவும் பாதிப் பாடம். அந்த மனிதர் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். அவர் சொன்னால்தான் கமிட்டியார் வரை போகமுடியும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. நீதிமன்றம் கொடுத்த இரண்டு நாள் காவலில் ஒரு நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் காலையில் நான் திருத்தங்கலுக்குக் காலண்டர்காரரைத் தேடிப் போனேன்.

அவர் விடுதலையாகி நாளாகிவிட்டது. எந்த அச்சகமும் சேர்த்துக்கொள்ளாததால் வீட்டிலேயே பட்டை அடித்துக் கொடுக்கிறார். “வாங்கம்மா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?” என்று எழுந்து நின்று வரவேற்றார். கதவைச் சாத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. மகளைப் பற்றிக் கேட்டேன். படிப்பை முடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாளாம்.

“கமிட்டியார் சீட்டுல கை வைக்கலையா? அவரக் காட்டிக் கொடுத்தது நீங்கதான?” என்றேன்.

“கை வைக்கலையேம்மா. நான் உள்ள இருந்த மூணு வருசமும் ஒரு கொறையும் இல்லாம படிச்சா. அவருக்கு அடுத்தாப்புல ஆளு வரணும்ல? சொன்ன சொல்லு தப்பிட்டாருன்னு பேராயிருச்சுன்னா எவன் வருவான்?”

கமிட்டியாரைப் புகழ்ந்தும் சொல்லவில்லை, என்னைக் குத்தியும் சொல்லவில்லை. தகரத்தின் ஓரம் கூராக இருக்கும் என்று சொல்வது மாதிரிச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு மனிதர் பொய்யாக மாட்டிக்கொண்டிருக்கிறார், நான் சொன்னால் நம்பமாட்டார், நீங்கள் வந்து பேசினால் உண்மையைச் சொல்வார் என்றேன்.  அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டார். “வாரேன்” என்றார். ஜீப்பில் வழிநெடுக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய தப்பு ஒன்றைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆபீசில் அதே பெஞ்சில் ஜெராக்ஸ் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். காலண்டர்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதலில் காலைப் பார்த்தார். “மெனக்கெட்டுத்தான் போட்டிருக்காக” என்று லேசாகச் சிரித்தார். தான் யார், எப்படி இதே மாதிரி வந்து உட்கார நேர்ந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். அந்த மனிதர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். காலண்டர்காரர் என் பக்கம் திரும்பினார்.

“இவரு உண்மையச் சொன்னா நீங்க என்னம்மா செய்வீக?”

“சாட்சியா வைப்பேன் அண்ணே. குத்தவாளி ஆக்கமாட்டேன். இப்ப நான்தான் டி.எஸ்.பி. இங்க எனக்கு மேல ஆள் இல்ல.”

“இங்கன இல்ல. மெட்ராசுல?”

நான் வாயைத் திறந்தேன். பளிச்சென்று ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. அவர் எனக்கு நிறைய நேரம் கொடுத்தார்.

“நீங்க நல்லவுகதாம்மா” என்றார் கடைசியில். “அன்னைக்கும் நல்லவுகதான்.”

பிறகு அந்த மனிதரின் முழங்காலில் கை வைத்து, “தம்பி, நீ ஒண்ணும் சொல்லாத” என்றார்.

எழுந்து என்னைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை காவல் முடிந்து அந்த ஜெராக்ஸ் கடைக்காரரை நீதிமன்றத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருந்தது. ரைட்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் படிவத்தை வாங்கி, தொழில் என்ற இடத்தில் போர்மேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.